டெக்சாஸ், மே மாதம், 10 நாள்: பிக் பெண்ட் வரை ஒரே சுத்தா முடிக்கலாமா?

கேள்வி: திருநகர்க்காரன்

அழகர் மலைக்குத் திரும்பினதுக்கு அப்புறம், மே 2-வது வாரம் குடும்பத்தோட டெக்சாஸ் போறோம். மொத்தம் ஆறு பேர்: நாங்க ரெண்டு பேர், அப்பா (68), அம்மா (63), 12 வயசுப் பையன், 6 வயசுப் பொண்ணு. பள்ளிக்கூட லீவை நம்பித்தான் பயணம், அதனால மாசத்தை மாத்த வழியில்லை. டாலஸ்ல இறங்கி டாலஸ்லயே விமானம் ஏறுற மாதிரி பார்த்து வச்சிருக்கேன், டிக்கெட் இன்னும் போடலை.

நினைச்சிருக்கிற வழி: டாலஸ், அமரில்லோ பக்கம் பாலோ டூரோ பள்ளத்தாக்கு, அங்கிருந்து பிக் பெண்ட் (மெக்சிகோ எல்லையோரத் தேசியப் பூங்கா), சான் ஆன்டோனியோ, ஹூஸ்டன், கால்வெஸ்டன், திரும்ப டாலஸ். மேப்ல வட்டமா அழகா இருக்கு. நான் ஒருத்தன்தான் ஓட்டணும். சரிப்பட்டு வருமா?

பதில் 1: வைகைக்கரையான்

வராது. டெக்சாஸ் பரப்பு 6,95,662 ச.கி.மீ. நம்ம தமிழ்நாட்டைப் போல அஞ்சு மடங்குக்கும் மேல. நீங்க போட்ட வட்டத்தைக் கூட்டிப் பாருங்க: டாலஸ்–அமரில்லோ 585 கி.மீ., அங்கிருந்து பிக் பெண்ட் ஏறக்குறைய 750, பிக் பெண்ட்–சான் ஆன்டோனியோ 650, சான் ஆன்டோனியோ–ஹூஸ்டன் 320, கால்வெஸ்டன் போய் வர 160, ஹூஸ்டன்–டாலஸ் 385. மொத்தம் 2,800-ஐத் தாண்டுது. 750-ன்னா சென்னையில இருந்து கன்னியாகுமரிக்கு மேல, அதுவும் வழியில டீக்கடை கூட இல்லாம.

தூரத்தை விட மாசம்தான் பெரிய சிக்கல். பிக் பெண்ட் பாலைவனத்துக்கு மே கடைசியும் ஜூனும்தான் உச்ச வெயில், ஜூலை மழைக்கு அப்புறம்தான் கொஞ்சம் தணியும். ஆற்றோரம் 40 டிகிரிக்கு மேல சர்வசாதாரணம். மதுரை வெயிலைப் பார்த்தவங்களுக்கு இது என்னன்னு நினைக்காதீங்க. அங்க காத்து வறண்டது, வேர்வை வந்த உடனே காய்ஞ்சிரும், உடம்புல தண்ணி குறையுறதே தெரியாது. 68 வயசு அப்பாவோட அந்த விஷப்பரீட்சை வேண்டாம். அதுக்கு நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம்.

டாலஸ்ல இறங்கி ஹூஸ்டன்ல ஏறுற மாதிரி டிக்கெட் போடுங்க. துபாய், தோஹா வழியா வர்ற வளைகுடா விமானங்கள் ரெண்டு ஊருக்குமே போகுது. டாலஸ் 2 இரவு, ஆஸ்டின் 2, சான் ஆன்டோனியோ 2, ஹூஸ்டன் 3. ஊர் விட்டு ஊர் ஓட்டம் ஏறக்குறைய 765 கி.மீ.தான், மிச்ச நேரம் பார்க்கிறதுக்கு. காரை வேற ஊர்ல விட்டா தனிக் கட்டணம் வரலாம், முன்பதிவு பண்ணும்போதே மொத்தத் தொகையைப் பாருங்க.

டாலஸ் பக்கத்துல ஃபோர்ட் வொர்த் ஸ்டாக்யார்ட்ஸ்ல (பழைய மாட்டுச் சந்தை) தினமும் காலை 11:30-க்கும் மாலை 4-க்கும் நீளக் கொம்பு மாடுகளைத் தெருவுல ஓட்டிட்டுப் போவாங்க. அலங்காநல்லூர் நினைப்போட போகாதீங்க. மாடு சாவகாசமா நடந்து போகும், சில நிமிஷத்துல முடிஞ்சிரும். பொண்ணு ரசிக்கும்.

பதில் 2: எல் போர்டு

வண்டி விஷயம் சொல்றேன். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்புறதுக்கு முன்னாடி இங்கேயே எடுக்கணும். பரிவாகன் தளத்துல படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், உங்க லைசென்ஸ் எந்த ஆர்டிஓவோ அங்க. ஒரு வருஷம் செல்லும், லைசென்ஸ் அதுக்கு முன்னாடி காலாவதியானா அதுவரைக்கும்தான். அது மட்டும் இருந்தா பத்தாது, அசல் லைசென்ஸும் கையில வேணும். வாடகைக் கார் கவுண்டர்ல பலர் மாட்டுறது கிரெடிட் கார்டுலதான். கார்டு ஓட்டுறவர் பேர்லயே இருக்கணும், டெபிட் கார்டுன்னா பெரிய தொகையை முடக்கி வைப்பாங்க, இல்லைன்னா வண்டியே தரமாட்டாங்க.

ஆறு பேரும் பெட்டியும்னா மினிவேன் போடுங்க. எஸ்யூவில மூணாவது வரிசையை நிமித்தினா பெட்டி வைக்க இடமிருக்காது. 8 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை 145 செ.மீ. உயரம் இல்லைன்னா குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். உங்க பொண்ணுக்கு பூஸ்டர் சீட் வேணும். கடையில வாங்கிறது தினசரி வாடகையை விட மலிவா முடியும்.

பெட்ரோல் பங்க்ல கார்டைச் செருகினா ஜிப் கோடு (அவங்க ஊர் பின்கோடு) கேட்கும், நம்ம கார்டு அங்கேயே நின்னுரும். உள்ள போய் பம்ப் நம்பரைச் சொல்லி 40 டாலர்னு முன்பணம் கட்டுங்க, மிச்சம் கார்டுக்கே திரும்பிரும். பச்சைக் கைப்பிடி பெரும்பாலும் டீசல், கையை வைக்காதீங்க. டாலஸ், ஆஸ்டின் பக்கம் பல டோல் சாலைகள்ல பூத்தே கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும், வாடகைக் கம்பெனி டோலோட சேவைக் கட்டணமும் சேர்த்துப் போடும். மேப்ல டோல் தவிர்க்கும் அமைப்பைப் போட்டுக்கங்க.

சிவப்பு விளக்குல முழுசா நின்னு பார்த்துட்டு வலது பக்கம் திரும்பலாம், பலகை தடுக்காத வரைக்கும். பள்ளி பஸ் சிவப்பு விளக்கு மின்னினா எதிர்ப்பக்கம் வந்தாலும் நிக்கணும். நடுவுல தடுப்பு இருக்கிற சாலைன்னா மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு.

மே மாசத்துல ஆஸ்டின் சுத்துவட்டாரத்துல திடீர் மழை, திடீர் வெள்ளம். கிராமச் சாலைகள்ல நம்ம ஊர்த் தரைப்பாலம் மாதிரியே நிறைய உண்டு. ஓடுற தண்ணி 30 செ.மீ. இருந்தாலே சின்னக் கார் மிதந்துரும், 60 செ.மீ. எஸ்யூவியையும் இழுத்துட்டுப் போகும். வைகையில வண்டியை இறக்கிப் பழகின தைரியத்தை அங்க காட்டாதீங்க, திருப்பிருங்க.

பதில் 3: மேலூர் கல்

ஆஸ்டின்ல 2 இரவு போதாது, டாலஸ்ல ஒண்ணைக் குறைங்க. ஃப்ரெடரிக்ஸ்பர்க் பக்கம் என்சான்டெட் ராக்னு ஒரு பாறை. நம்ம யானைமலை மாதிரி ஒத்தைக் கல், ஆனா இளஞ்சிவப்பு கிரானைட், நூறு கோடி வருஷப் பழசு, சுத்துத் தரையில இருந்து 130 மீட்டர் உயரம். வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உரியுற கல்லு அது. படிக்கட்டு இல்லை, சரிவுல நடந்தே ஏறணும். காலை 8 மணிக்கு உள்ள இருந்தா அப்பா அம்மாவும் பாதி வரைக்கும் வரலாம், 11-க்கு மேல கல்லு சுட்டுரும். மழை பெஞ்சிருந்தா வழுக்கும், விட்டுருங்க. உச்சியில குழிகள்ல தேங்குற தண்ணியில சின்ன இறால் வகை உயிர் வாழுது, பிள்ளைங்களைக் கால் வைக்க விடாதீங்க. பூங்கா நிரம்பினா கேட்டை மூடிருவாங்க, அதனால நுழைவுச்சீட்டை ஆன்லைன்ல முன்கூட்டியே எடுங்க, சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

ஆஸ்டின்ல இருக்கிற மாநிலச் சட்டமன்றக் கட்டடம் கேபிடல் (1888) இதே வட்டாரத்து சிவப்பு கிரானைட்லதான் கட்டினது. உள்ள போகக் காசு இல்லை. சாயங்காலம் காங்கிரஸ் அவென்யூ பாலம். 1980-ல பாலத்தைப் புதுப்பிச்சப்ப அடியில விட்ட குறுகலான இடுக்குகள் வௌவாலுக்கு வாகா அமைஞ்சிருச்சு, உச்ச காலத்துல 15 லட்சம் வரை இருக்கும். மே மாசத்துல எட்டே காலுக்கு மேலதான் பொழுது சாயும், அப்புறம்தான் கிளம்பும். ஏழே முக்காலுக்கே இடம் பிடிங்க.

திருநகர்க்காரன்

நன்றி அண்ணே எல்லாருக்கும். வட்டத்தைக் கைவிட்டாச்சு. பையன் மட்டும் பாலைவன நட்சத்திரம் பார்க்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். அம்மா சுத்த சைவம். அது ரெண்டுக்கும் வழி?

பதில் 4: வைகைக்கரையான்

ஹூஸ்டன்ல ஒரு நாளைக் குறைச்சு, நடுவுல மிட்லாண்டுக்கு விமானத்துல போய் கார் எடுங்க. அங்கிருந்து ஃபோர்ட் டேவிஸ்ங்கிற மலையூருக்கு ஓட்டிட்டுப் போங்க. அது சுமார் 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு, பிக் பெண்ட் அளவுக்குக் காயாது. அங்க மக்டொனால்ட் வானாய்வகத்துல செவ்வாய், வெள்ளி, சனி இரவு நட்சத்திரம் காட்டுவாங்க, முன்பதிவு அவசியம். மே மாசமானாலும் ஸ்வெட்டர் வேணும். பௌர்ணமி வாரம் போனா காசு வீண். பக்கத்துல பால்மோரியா ஊற்றுக்குளம், வருஷம் முழுக்க 22–24 டிகிரி. சுத்தம் பண்ண சில நாள் மூடுவாங்க, தேதி பார்த்துட்டுப் போங்க. அந்தப் பக்கம் எண்ணெய் வயல் லாரிகள் பறக்கும், இருட்டினதும் மான் குறுக்கே வரும். டேங்க் பாதி ஆனாலே நிரப்புங்க. எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறதால எல்லார் பாஸ்போர்ட்டும் கையோட இருக்கட்டும், பெட்டியில வேண்டாம்.

பதில் 5: நாலாம் சித்திரை வீதி

அம்மாவுக்கு: மெக்சிகன் கடையில பீன்ஸ் மசியல்ல பன்றிக் கொழுப்பு, சோத்துல கோழிச் சாறு சேர்க்கிற வழக்கம் உண்டு. பார்க்க சைவம் மாதிரியே இருக்கும், கேட்டுட்டு வாங்குங்க. டாலஸ் பக்கம் இர்விங், ஹூஸ்டன்ல ஹில்கிராஃப்ட் தெரு, ரெண்டுலயும் நம்ம சாமான் எல்லாம் கிடைக்கும். ஃபோர்ட் டேவிஸ்ல கிடைக்காது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டு போங்க, குக்கரைக் கொண்டு போகாதீங்க. அங்க மின்சாரம் 120 வோல்ட், நம்ம 230 வோல்ட் குக்கர் கால்வாசி சூடுதான் தரும், அரிசி ஊறுமே தவிர வேகாது. அங்கேயே சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம்.

ஹூஸ்டன் தெற்கே பியர்லாண்ட்ல மீனாட்சி கோயில் இருக்கு. நடை திறக்கிற நேரத்தைக் கோயில் தளத்துல பார்த்து காலையில தரிசனம் முடிங்க, அங்கிருந்து நாசாவைச் சுத்திப் பார்க்கிற ஸ்பேஸ் சென்டர் அரை மணி நேரம்தான். உள்ள போனதும் முதல் வேலையா டிராம் நேரத்தைப் பிடிங்க. சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் படுக்க வச்சிருக்கிற கொட்டகை டிராம்ல போனாத்தான் வரும், மதியத்துக்கு மேல வரிசை நீண்டுரும்.