ஃபிக்ஸ்டு சைட் ரிவால்வர் குறி தப்பினால்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் முகப்பு:

வெப்லி மார்க் 4, .32 ரிவால்வர். குறி பார்க்கும் முன் சைட், பின் சைட் இரண்டும் அசையாத வகை, திருகி நகர்த்த முடியாது. ஐயா (தாத்தா) வாங்கியது, இப்போது அப்பச்சி (அப்பா) லைசென்ஸில் இருக்கிறது. அப்பச்சிக்கு 70 தாண்டிவிட்டதால் என் பெயருக்கு மாற்ற எழுதிப் போட்டிருக்கிறோம். அந்த வேலை முடிவதற்குள் "இதைச் சரிபண்ணித்தான் உன் கையில் தருவேன்" என்று பிடிவாதம். 15 மீட்டரில் நடுவைப் பார்த்துச் சுட்டால் குண்டு பத்து சென்டிமீட்டர் கீழே, அதோடு இடது பக்கம். முன் சைட்டைக் கொஞ்சம் ராவினால் போதும் என்று அவராகவே முடிவு செய்து, ஆசாரியிடம் ஒரு சின்ன அரமும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

புதுக்கோட்டைப் பக்கம் ரேஞ்சில் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார் சொல்லிக்கொடுக்கிறார். அரத்தைப் பார்த்ததும், "செட்டியாரே, அது பைக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார். மணல் மூட்டையில் கையை ஊன்றி அவரே ஐந்து சுட்டார். ஐந்தும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கின. நடுவுக்கு நேர் கீழே, அதே பத்து சென்டிமீட்டர். இடது பக்கத்தைக் காணவே காணோம்!

அப்புறம் செய்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. சிலிண்டரில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே சுட்டு முடித்த இரண்டு வெற்றுத் தோட்டாக் கூடுகளைச் சொல்லாமல் போட்டு அப்பச்சி கையில் கொடுத்தார். முதலில் வெடித்தது. அடுத்தது 'டிக்' என்று மட்டும் கேட்டது. வெடிக்காத அந்த நொடியில் பேரலின் மூக்கு இடப்பக்கமாக வெட்டித் திரும்பியதை நான், சுபேதார், பக்கத்து லேனில் நின்ற பையன் எல்லோரும் பார்த்தோம். அப்பச்சியும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், எதுவும் பேசவில்லை.

சுபேதார் கணக்கு இதுதான்: இடது பக்கம், வெடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே பதறும் கையினால் வருவது, கீழே போவது துப்பாக்கியினால் வருவது. கையைப் பழக்கலாம், துப்பாக்கிக்கு முன் சைட் 0.8 மி.மீ. குறைய வேண்டும்.

திரும்பும்போது திருமயம் தாண்டித்தான் அப்பச்சி வாயைத் திறந்தார்: "அப்போ ஐயா சுட்டப்பவும் கீழேதான் போயிருக்குமா?" யாரைக் கேட்பது? ஐயா தொட்டது என்று அந்த வீட்டில் மிஞ்சியிருப்பதில் அதுவும் ஒன்று. ராவலாமா, இல்லை பத்து சென்டிமீட்டர் மேலே குறி வைத்தே காலத்தை ஓட்டலாமா?

தேவகோட்டை ரஸ்தா:

ராவுவதற்கு முன்னால் தாழ்ப்பாளைப் பாருங்கள். வெப்லி மாதிரி நடுவில் மடங்கித் திறக்கும் ரிவால்வரில் பின் காடி (பின் சைட்டாக இருக்கும் வெட்டு) இருப்பதே பேரலைப் பூட்டும் அந்தத் தாழ்ப்பாளின் தலையில்தான். அது தேய்ந்திருந்தால் பின் சைட்டே நிலையாக இல்லை என்று அர்த்தம்.

நம் நாட்டுத் தயாரிப்பு .32 ஒன்று என்னிடம் இருக்கிறது, அதே மடக்கு வகை. ஒரு நாள் வலது, ஒரு நாள் மேலே, மறு மாதம் நடுவில். நான் தோட்டாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். மதுரையில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு கடைக்காரர் வாங்கினார், காலி என்று இரண்டு முறை பார்த்தார், மூடினார், கட்டை விரலால் தாழ்ப்பாளை ஓர் அழுத்து அழுத்தினார். பால் பல் மாதிரி ஆடியது. "இதை வைத்துக்கொண்டா குறி பார்த்தீர்கள்?" என்று கேட்டார் பாருங்கள், அந்தக் குரலை மறக்க முடியவில்லை. பூட்டும் முகத்தைச் சரிசெய்து கொடுத்தார். முன் சைட்டில் கையே வைக்கவில்லை. இப்போது குண்டுகள் ஒரே இடத்தில் விழுகின்றன.

மாஜி ஹவில்தார்:

பட்டாளத்தில் .303 ரைஃபிளுக்கு முன் சைட் பிளேடு (நிற்கும் தகடு) பல உயரத்தில் வரும். ஆர்மரர் (துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவர்) சுட்டுப் பார்த்து, பொருத்தமானதை மாட்டி, கிளாம்ப் போட்டு இடம் வலம் நகர்த்துவார். ஒரு தடவை எங்கள் ஆர்மரர் ஒரு ரைஃபிளை வாங்கிப் பார்த்துவிட்டு, மாற்றாமலே திருப்பிக் கொடுத்தார். "இதற்குப் பிளேடு வேண்டாம், இவனுக்கு ஒரு வாரம் டிரில் வேண்டும்" என்றார். முகப்பு எழுதியதைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். குண்டு எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதை இரண்டு சைட்டுக்கும் இடையிலுள்ள நீளத்தால் பெருக்கி, சுட்ட தூரத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் மில்லிமீட்டரில். 100 மி.மீ. கீழே, சைட் இடைவெளி 120, தூரம் 15,000. விடை 0.8. சுபேதார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் 0.1 மி.மீ. போனாலே அந்தத் தூரத்தில் குண்டு 12.5 மி.மீ. ஏறிவிடும், அதை மனதில் வையுங்கள். 0.8 என்றால் முதலில் 0.5-க்கு மேல் எடுக்கக் கூடாது. பிறகு ரேஞ்சுக்குப் போய், எந்தத் தோட்டாவை இனி வைத்துக்கொள்ளப் போகிறீர்களோ அதையே போட்டுச் சுட்டு, அப்புறம் மிச்சம். எடுத்த இரும்பை ஒட்டவைக்க முடியாது.

தோட்டா ஏன் முக்கியம் என்றால், குண்டு பேரலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே ரிவால்வர் மேலே எழும்ப ஆரம்பித்துவிடுகிறது. மெதுவாகப் போகும் கனமான குண்டு உள்ளே அதிக நேரம் இருப்பதால் மேலே விழும். வேகமான இலேசான குண்டு சீக்கிரம் வெளியேறிக் கீழே விழும். ஐயா காலத்துத் தோட்டாவும் இப்போது கிடைக்கிற தோட்டாவும் ஒன்றல்ல. ஆகவே ஐயா சுட்டபோது கீழே போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று அப்பச்சியிடம் சொல்லுங்கள். முதலில் வேறு தயாரிப்புத் தோட்டா கிடைத்தால் போட்டுப் பாருங்கள், அரத்துக்கு வேலையே இல்லாமல் போகலாம்.

இடம் வலம் பிசகுக்கும் வழி உண்டு. குண்டு இடது பக்கம் போனால் பின் காடியின் வலது சுவரைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும், அல்லது முன் பிளேடின் வலது முகத்தில் ராவ வேண்டும். ஆனால் உங்களுக்கு அது தேவையே இல்லை, இடது பக்கம் கைக்குச் சொந்தம். ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியலை) முன்கூட்டியே இழுத்துச் சுடுவதற்கும், டிரிக்கரை முழுதாக இழுத்துச் சுடுவதற்கும்கூடக் குறி மாறும். எந்த முறையில் சுடப்போகிறீர்களோ அந்த முறையிலேயே அளவெடுங்கள்.

பள்ளத்தூர் கிட்டங்கி:

முன் சைட் உயரத்தைக் குறைத்தால் குண்டும் கீழேதானே போகும்? ஹவில்தார் சார் தலைகீழாகச் சொல்கிறாரே. ரேஞ்ச், ஃபீஸ் என்று அலைவதும் எதற்கு? எங்கள் மாமா கண்மாய்க் கரையில் பனங்கட்டையை நட்டு, நாலு சுட்டு, அங்கேயே உட்கார்ந்து ராவுவார். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

மாஜி ஹவில்தார்:

தம்பி, முன் சைட் உயரமாக இருந்தால் அதைக் காடிக்குள் சமமாகக் கொண்டுவர மூக்கை இறக்கித்தான் பிடிக்க வேண்டும், அதனால் கீழே போகிறது. குறைத்தால் மூக்கு ஏறும், குண்டும் ஏறும். பின் சைட்டுக்குத்தான் நீங்கள் சொல்கிற கணக்கு. முன்னது எதிர்த் திசை.

தேவகோட்டை ரஸ்தா:

கிட்டங்கி, கண்மாய்க் கதையை இங்கே எழுதாதீர்கள். 2021 டிசம்பரில் நார்த்தாமலைப் பக்கம் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயசுப் பையன் தலையில் பாய்ந்தது. சில நாளில் இறந்துபோனான். முறைப்படி நடத்திய பயிற்சித் தளத்திலேயே அந்த கதி. உங்கள் மாமாவின் பனங்கட்டைக்குப் பின்னால் என்ன இருந்தது? ஆடு மேய்க்கிறவன் இருந்தானா என்று எழுந்து பார்த்தாரா? தவிர, காசு வாங்கிக்கொண்டு துப்பாக்கி பழுதுபார்க்கிறவருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவு. லேத் பட்டறையில் கொடுத்தால் அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள்.

பள்ளத்தூர் கிட்டங்கி:

மாமா சுட்டது 1970-களில். அப்போது அந்தக் கரையில் ஈ காக்கை கிடையாது. எதற்கெடுத்தாலும் சட்டம் பேசினால் யாரும் அனுபவம் எழுத வர மாட்டார்கள்.

காரைக்குடி ஏர்பிஸ்டல்:

நான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஆள், எங்கள் சைட்டில் திருகு இருக்கிறது. இரண்டு கிளிக் வைத்தால் முடிந்தது. அதனால் இந்த ராவுகிற கவலை எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

திறந்தவெளி ரேஞ்சில் ஒரு மாமா பழைய ரிவால்வரோடு வந்திருந்தார். காலையில் சுட்டது நடுவில், நாலு மணிக்குச் சுட்டது எல்லாம் ஒரு பக்கம். சைட் வளைந்துவிட்டது, தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்தபோது யாரோ கீழே போட்டிருக்கிறார்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். நான் அவர் பின்னால் நின்று பார்த்தேன். முன் பிளேடின் நீலப் பூச்சு தேய்ந்து இரும்பு வெளியே தெரிந்தது, மேற்கு வெயில் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் பளபளத்தது. கண் அந்த வெளிச்ச விளிம்பையே முழு பிளேடு என்று நினைத்து நடுவில் வைக்கிறது. என் பையில் கண் மை இருந்தது. "மாமா, காலி பண்ணிவிட்டுக் கீழே வையுங்கள்" என்று சொல்லி பிளேடுக்கு மை தீட்டினேன். "பொம்பளைப் பிள்ளை துப்பாக்கிக்கு மை இடுது" என்று பின்னால் ஒருவர் சிரித்தார். அடுத்த ஆறும் நடுவுக்கு வந்தன. சிரித்தவர் வந்து மை டப்பாவின் பிராண்டைக் கேட்டார்!

கானாடுகாத்தான் அண்ணன், நீங்கள் எந்த நேரத்தில் சுட்டீர்கள்? மேலே வெளிச்சமும் கீழே நிழலும் விழுந்தாலும் உயரம் மாறும். 0.8-ஐ முடிவு செய்வதற்கு முன்னால் ஒருமுறை கறுப்படித்துச் சுட்டுப் பாருங்கள்.

மாஜி ஹவில்தார்:

நல்ல யோசனை. ஆனால் கண் மையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், தூசி ஒட்டும். விளக்குக் கரி மேல், துடைத்தால் போய்விடும். அந்தக் காலத்தில் கார்பைட் விளக்குப் புகையில் காட்டுவோம். தோட்டா எல்லாம் வெளியே எடுத்து வேறு மேஜையில் வைத்த பிறகுதான் நெருப்பைப் பற்ற வைக்க வேண்டும், இதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், கிட்டங்கி மாமா மாதிரி ஆட்கள் படிப்பார்கள்.