எதனோலை விட மெதனோயிக்கமிலத்தின்ரை கொதிநிலை ஏன் கூட?

பருத்தித்துறைப் பிள்ளை:
சேதன இரசாயனத்திலை ஒரு இடத்திலை மாட்டுப்பட்டு நிக்கிறன், ஆராவது விளங்கப்படுத்துங்கோ. புரொப்பேன் 44, எதனோல் 46, மெதனோயிக்கமிலம் 46, மூலர்த்திணிவு எல்லாம் கிட்டத்தட்ட ஒண்டுதான், ஆனா கொதிநிலை பாத்தா −42, 78, 101 பாகை. புரொப்பேனுக்கும் எதனோலுக்கும் இடையிலை உள்ள வித்தியாசம் ஐதரசன் பிணைப்பாலை எண்டு விளங்குது. அமிலத்திலையும் ஒரே ஒரு ஓஎச் தானே இருக்கு, பிறகு என்னெண்டு இன்னும் 23 பாகை கூடுது? ரியூசன் நோட்ஸிலை "அமிலம் கூட முனைவானது" எண்டு ஒரு வரிதான் கிடக்கு, அது காணுமோ?

கொக்குவில் அண்ணை:
காணாது தங்கச்சி. ஓஎச் ஒண்டுதான், ஆனா அமிலத்திலை அதே காபனிலை இரட்டைப் பிணைப்பாலை சேர்ந்த காபனைல் ஒட்சிசனும் நிக்குதெல்லோ, அதாலை ஒரு மூலக்கூறின்ரை ஓஎச் ஐதரசன் மற்றதின்ரை காபனைல் ஒட்சிசனைப் பிடிக்க, மற்றதின்ரை ஐதரசன் திரும்பி முதலாவதின்ரை காபனைல் ஒட்சிசனைப் பிடிக்கும், ரெண்டு பேர் எதிரெதிரா நிண்டு ரெண்டு கையையும் கோத்த மாதிரி. இதுதான் இருபகுதியம். கீறிப் பாருங்கோ, எட்டு அணு உள்ள வளையம் வரும், ஐதரசன் பிணைப்பு ரெண்டையும் புள்ளிக்கோட்டாலை போடுங்கோ. காபனைல் இலத்திரனை இழுக்கிறதாலை அந்த ஐதரசன் எதனோலிலை இருக்கிறதை விட நேரேற்றம் கூடினது, பிணைப்பும் பலம். மூலர்த்திணிவு கிட்டத்தட்டச் சமன், அதாலை லண்டன் விசையிலை (எல்லா மூலக்கூறுகளுக்கு இடையிலையும் உள்ள மெல்லிய கவர்ச்சி) பெரிய வித்தியாசம் இல்லை எண்டதை முதல் வரியிலையே எழுதிப்போடுங்கோ, கனபேர் விடுறது அதைத்தான். மாமரத்து முசுறு கடிச்சா எரியுதே, அதுவும் இதே அமிலம்தான்.

சாவகச்சேரி ரீச்சர்:
தம்பி சொன்னது சரி, பரீட்சைக்கு அது போதும். ஆனா கொதிக்கேக்கை அந்தச் சோடி எல்லாம் உடையுது எண்டு மட்டும் நினைச்சுப்போடாதேங்கோ. எதனோயிக்கமிலத்தைப் பாருங்கோ, 118 பாகையிலை கொதிக்குது, ஆனா ஒரு மூல் ஆவியாக கிட்டத்தட்ட 24 கிலோயூல்தான் வேணும், எதனோலுக்கு 39. ஏனெண்டா அமிலத்தின்ரை ஆவியிலையும் கனக்க மூலக்கூறு சோடியாத்தான் இருக்கு.

பருத்தித்துறைப் பிள்ளை:
ரீச்சர், பிணைப்பு உடையாமலே சோடியா வெளிக்கிடுது எண்டா, கொதிநிலை குறையத்தானே வேணும்?

சாவகச்சேரி ரீச்சர்:
நல்ல கேள்வி பிள்ளை. திரவத்தை விட்டு வெளிக்கிடுறது மூலர்த்திணிவு 60 உள்ள தனி மூலக்கூறு இல்லை, 120 உள்ள சோடி. அலகு பெரிசு, லண்டன் விசை கூட, அதோட திரவத்துக்குள்ளை பக்கத்து மூலக்கூறுகளோட உள்ள கவர்ச்சியையும் அறுத்துக்கொண்டு வரவேணும். 24 ஐ ஒரு மூல் சோடிக்கு மாத்தினா 48க்குக் கிட்ட வருது, எதனோலின்ரை 39 ஐ விடக் கூடத்தானே. சோடி இருக்கிறதுக்கு வேறை சாட்சியும் இருக்கு, எதனோயிக்கமிலத்தைப் பென்சீனிலை கரைச்சு பென்சீனின்ரை உறைநிலை எவ்வளவு இறங்குது எண்டதை வைச்சு மூலர்த்திணிவு கண்டா 120க்குக் கிட்ட வரும். தண்ணியிலை அப்பிடி வராது, தண்ணியே வந்து ஐதரசன் பிணைப்பைப் போட்டுச் சோடியைப் பிரிச்சுப்போடும்.

பருத்தித்துறைப் பிள்ளை:
இப்ப நல்லா விளங்கீற்று, கனக்க நன்றி. இன்னொண்டு, எதனோலையும் மெதனோயிக்கமிலத்தையும் வேறுபடுத்தச் சொன்னா அமிலப் பொற்றாசியம் பரமங்கனேற்று போடலாமோ?

கொக்குவில் அண்ணை:
வேண்டாம், ரெண்டுமே நிறத்தைப் போக்கும். எதனோல் முதல் அற்ககோல், ஒட்சியேறும். மெதனோயிக்கமிலத்திலை காபனைல் காபனோட நேரை ஒரு ஐதரசன் இருக்கு, அதாலை அல்டிகைட்டு மாதிரி அதுவும் ஒட்சியேறிக் காபனீரொட்சைட்டாப் போகும். சோடியம் இருகாபனேற்றுக் கரைசலைப் போடுங்கோ, அமிலத்திலை நுரைச்சு வாற வாயு சுண்ணாம்புத் தண்ணியைப் பால்நிறமாக்கும், எதனோலிலை ஒண்டும் நடக்காது.