லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஒண்ணா மூணா? 61 கணக்கு அண்ணனுக்கு ஒரு கேள்வி

கண்டனூர்க் காக்கா, இரவு 8:52
ஞாயித்துக்கெழம காரைக்குடி வாசகர் கூட்டத்துக்கு வராதவுகளுக்காக சொல்றேன். ஒரு அண்ணன் எந்திரிச்சு "இந்த வருஷம் 61 ஃபேன்டஸி நாவல் முடிச்சிருக்கேன்"னாரு. எல்லாரும் கைதட்டுனாக, நானுந்தான் தட்டுனேன். அப்பறம் டீ குடிக்கிறப்ப அவரு நோட்டை வாங்கிப் பாத்தா லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்னு போட்டு அதுக்கு நேரா மூணுன்னு எழுதியிருக்கு. வீல் ஆஃப் டைம் 14. பொன்னியின் செல்வன் அஞ்சு, அது எப்ப ஃபேன்டஸி ஆச்சுங்கறது தனி வயித்தெரிச்சல். நான் நாலு மாசம் ராத்திரி ராத்திரி கண்ணு முழிச்சு அந்த மோதிரக் கதைய முடிச்சு என் நோட்டுல ஒண்ணுன்னு எழுதியிருக்கேன், அதையே இன்னொருத்தர் மூணுன்னு எழுதுனா நான் என்ன கேனையனா? அது ஒரே நாவல். டோல்கீன் ஒரே நாவலாத்தான் எழுதுனாரு. யுத்தம் முடிஞ்ச காலம், பேப்பர் கிராக்கி, பதிப்பாளர் கையச் சுட்டுக்கப் பயந்து 1954ல ரெண்டு, 1955ல ஒண்ணுன்னு மூணா பிரிச்சுப் போட்டாரு. அம்புட்டுதான் கதை.

பேரேடு 61, இரவு 9:07
அந்த அண்ணன் நாந்தான். கூட்டத்துல கைதட்டிட்டு வீட்டுக்குப் போய் எழுதுறதுக்கு பதிலா அங்கயே கேட்டிருக்கலாம் தம்பி. பதில் ரொம்ப சுருக்கம். என் அலமாரில மூணு அட்டை இருக்கு, மூணு முதுகு இருக்கு, மூணுக்கும் தனித்தனியா பில் போட்டு வாங்குனேன். அட்டை மூணு, புத்தகம் மூணு. பேப்பர் கிராக்கியோ மை கிராக்கியோ அது அவுக ஊர் பிரச்சன, என் நோட்டுக்கு அதுல என்ன வேல?

கண்டனூர்க் காக்கா, இரவு 9:11
எழுதுனவரே ஒண்ணுன்னு சொல்லிட்டாருண்ணே.

பேரேடு 61, இரவு 9:13
எழுதுனவர் என்ன என் கணக்குப்பிள்ளையா? அட்டை மூணு.

விருத்தப்பித்தன், இரவு 9:20
கம்பராமாயணத்துல ஆறு காண்டம் இருக்கு, பத்தாயிரத்துக்கு மேல பாட்டு. நான் முழுசா ரெண்டு தடவ வாசிச்சிருக்கேன். அப்ப அண்ணன் கணக்குப்படி பன்னெண்டு புத்தகமா? சா.கணேசன் 1939ல கம்பன் கழகம் ஆரம்பிச்ச ஊருல இருந்துக்கிட்டு பேசுற பேச்சா இது. கம்பன் ஒண்ணு, ராமகாதை ஒண்ணு.

பேரேடு 61, இரவு 9:24
உங்க பதிப்புல எத்தன அட்டை?

விருத்தப்பித்தன், இரவு 9:25
எட்டு.

பேரேடு 61, இரவு 9:25
அப்ப எட்டு. ரெண்டு தடவைக்கு பதினாறு. எழுதிக்கங்க, நான் வேண்டாம்னா சொன்னேன்?

ரெண்டாங்கட்டு, இரவு 9:38
நல்லா இருக்கு கூத்து. எங்க அப்பத்தா கல்கி பத்திரிகைல 1950ல இருந்து 54 வரைக்கும் பொன்னியின் செல்வன் வந்தப்ப வாரா வாரம் பக்கத்தக் கிழிச்சு சேத்து வச்சு, படத்தோடயே பைண்டு பண்ணி வச்சிருந்தாக. பைண்டு பண்றவர் தடிமனா வந்தா ஊசி இறங்காதுன்னு ஒம்போதா தச்சுக் குடுத்துட்டாரு. அது இன்னும் எங்க ரெண்டாங்கட்டு தேக்கு அலமாரில பாச்சா உருண்டை வாசத்தோட இருக்கு. பேரேடு அண்ணன் சொல்றபடி பாத்தா எங்க அப்பத்தா படிச்சது ஒம்போது புத்தகம், கடைல வாங்கிப் படிச்ச நான் அஞ்சுதான். அப்பத்தா ஜெயிச்சுட்டாக!

மின்நூல் மச்சான், இரவு 9:41
நான் கிண்டில்ல படிக்கிறேன். அட்டையே கெடையாது. அப்ப நான் இந்த வருஷம் படிச்சது பூஜ்யமா அண்ணே? இல்ல அந்த மெஷினுக்கு ஒரு தோல் உறை போட்டிருக்கேன், அத ஒரு அட்டைன்னு வச்சுக்கிட்டு மொத்தமா ஒண்ணுன்னு எழுதிக்கவா?

பேரேடு 61, இரவு 9:49
மச்சானுக்கு: கிண்டில்ல படிக்கிறது போன் நோண்டுறதுக்கு சித்தப்பா மகன். அத நான் கணக்குலயே எடுக்கல. ஆச்சிக்கு: உங்க அப்பத்தா ஒம்போதுதான், அதுல என்ன சந்தேகம். பைண்டு பண்ண கூலி ஒம்போதுக்குத்தான குடுத்திருப்பாக?

மின்நூல் மச்சான், இரவு 9:52
சித்தப்பா மகனா!! எங்க வீட்டுல முன்னூறு புத்தகத்த கரையான் தின்னுட்டுப் போனப்ப உங்க அட்டையா வந்து காப்பாத்துச்சு? மூணு தலைமுறை புத்தகம், கீழ்த்தட்டு மண்ணாவே இருந்துச்சு. அதுக்கப்பறந்தான் மெஷின் வாங்குனேன்.

ரெண்டாங்கட்டு, இரவு 9:55
வருஷத்துக்கு ரெண்டு தடவ எறக்கி வெயில்ல வச்சு, வேப்பிலை போட்டு அடுக்கணும் தம்பி. பூட்டுன வீட்டுல புத்தகத்த வச்சுட்டு மெட்ராஸ்ல உக்காந்திருந்தா கரையான் வராம கலெக்டரா வருவாரு? கோட்டையூர்ல ரோஜா முத்தையா ஒத்த ஆளா பழைய புத்தகம், நோட்டீசு, கல்யாணப் பத்திரிகைன்னு விடாம சேத்தாக. அவுக போனப்பறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994ல சென்னைல நூலகமா ஆச்சு. நம்ம ஊரு காகிதத்தோட மதிப்பு சீமைக்காரனுக்குத்தான் தெரிஞ்சுச்சு.

மின்நூல் மச்சான், இரவு 9:57
என்னைய மெட்ராஸ்காரன்னு சொல்லாதீக ஆச்சி. நான் தாம்பரம்.

தேவகோட்டை ரஸ்தா, இரவு 10:03
குட்டிச்சாத்தான் கதைக்கு ஒண்ணுன்னா என்ன முப்பதுன்னா என்ன. நாப்பது தாண்டுன ஆளுக டிராகன், மந்திரக்கோலுன்னு படிச்சுட்டு அதுக்கு ஐந்தொகை வேற போடுறாக. ஒரு நல்ல வரலாறு படிங்க, ஒரு சுயசரிதை படிங்க.

விருத்தப்பித்தன், இரவு 10:06
அனுமன் கடல் தாண்டுனதும் குட்டிச்சாத்தான் கதையா? யோசிச்சு எழுதுங்க.

தேவகோட்டை ரஸ்தா, இரவு 10:07
அது இதிகாசம்.

ரெண்டாங்கட்டு, இரவு 10:09
அம்புலிமாமால வேதாளம் முருங்கமரம் ஏறுறத வரி விடாம படிச்சு வளந்த ஆளுதான் ரஸ்தா தம்பியும். இப்ப என்னமோ பொறந்ததுல இருந்து சுயசரிதை படிச்ச மாதிரி.

கண்டனூர்க் காக்கா, இரவு 10:15
எல்லாரும் எங்கயோ போறீக. கேள்வி ஒண்ணுதான். லண்டன்ல 1968லயே மூணையும் சேத்து ஒரே அட்டைல போட்டுட்டாக. நான் வச்சிருக்கறதும் ஒத்த அட்டை குண்டு புத்தகந்தான், நெஞ்சுல வச்சுப் படிச்சா மூச்சு முட்டும். இப்ப நானும் அண்ணனும் படிச்சது அதே கதை, அதே வரி. எனக்கு ஒண்ணு, அவருக்கு மூணா? உள்ள பாத்தா ஆறு புத்தகமா பிரிச்சிருப்பாரு டோல்கீன், அப்ப ஆறுன்னு எழுத வேண்டியதுதான? அண்ணனோட 61ஐ நான் இப்பவே சரி பண்ணித் தர்றேன். மோதிரத்துல ரெண்டு கழிச்சா 59. சக்கரத்துல பதிமூணு கழிச்சா 46. பொன்னியில நாலு கழிச்சா 42.

பேரேடு 61, இரவு 10:31
தம்பி கழிக்கிறதுல சூரப்புலிதான். வீல் ஆஃப் டைம் 1990ல ஆரம்பிச்சு 2013ல முடிஞ்சது, நடுவுல 2007ல எழுதுனவரே காலமாகி கடைசி மூணு வால்யூம வேற ஒருத்தர் குறிப்ப வச்சு முடிச்சாரு. ரெண்டு பேர் கைபட்ட பதினாலு வால்யூம ஒண்ணுன்னு சொல்ற ஆளு இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். அத விடுங்க. என் கதைய கேளுங்க. போன் வந்தப்பறம் ஆறு வருஷம் நான் ஒரு பக்கம் முழுசா படிக்கல. பத்து வரி படிச்சா கை தானா போனத் தேடும். அப்பறந்தான் எங்க ஐயா மலாயாக் கடைக்குப் போட்ட பேரேட்டப் பாத்துட்டு, அதே மாதிரி செவப்பு பைண்டு நோட்டு ஒண்ணு வாங்கி தேதி, பேரு, பக்கம்னு எழுத ஆரம்பிச்சேன். காலைல அஞ்சு மணிக்கு முகப்புல உக்காந்து நாப்பது பக்கம், அதுக்கப்பறந்தான் காப்பி. ராத்திரி கடை சாத்திட்டு வந்து முடிஞ்சா இருபது. மொத வருஷம் 9, அடுத்தது 23, இப்ப 61. அந்த நம்பர் ஏறுறதப் பாக்குறதுக்காகவே படிக்கிறேன், ஆமா, அதுல என்ன வெக்கம்? நீங்க நாலு மாசத்துக்கு ஒண்ணு படிச்சா அது உங்க சோம்பேறித்தனம், என் நோட்டுல ஏன் கைய வைக்கிறீக. அட்டை மூணு, புத்தகம் மூணு.

கண்டனூர்க் காக்கா, இரவு 10:36
சோம்பேறித்தனமா? நான் ஒவ்வொரு பாட்டையும் வாய்விட்டுப் படிச்சேன். அதுல எத்தன பாட்டு இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?

பேரேடு 61, இரவு 10:38
பாட்டெல்லாம் தாண்டிருவேன். கதைக்கு நடுவுல நின்னு பாடிக்கிட்டு இருந்தா எப்ப போய்ச் சேர்றது.

விருத்தப்பித்தன், இரவு 10:38
பாட்டைத் தாண்டுறவருக்கு காரைக்குடில என்ன வேல? பழையபடி மலாயாவுக்கே கப்பல் ஏறுங்க.

கண்டனூர்க் காக்கா, இரவு 10:40
பாத்துக்கங்க மக்களே. சரி, மூணாவது வால்யூம் பின்னாடி அனுபந்தம் இருக்கே, ராஜாக்கள் வம்சாவளி, வருஷக்கணக்கு, எழுத்து, பாஷை... அது எழுதி முடியாமத்தான் அந்த வால்யூமே 1955க்குத் தள்ளிப்போச்சு. அத படிச்சீகளா?

பேரேடு 61, இரவு 10:43
கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்சப்பறம் மொய் நோட்டு வாசிக்கிறவனா நான்? படிக்கல.

கண்டனூர்க் காக்கா, இரவு 10:44
பாட்டும் படிக்கல, அனுபந்தமும் படிக்கல. அப்ப மூணு இல்லண்ணே, ரெண்டேகால்!

பேரேடு 61, இரவு 10:45
சீப்புச் சீடை டின்ல அடில கெடக்குற தூள திங்கலைன்னா டின் காலி ஆகலைன்னு அர்த்தமா? அட்டை மூணு.

தேவகோட்டை ரஸ்தா, இரவு 10:52
அன்னைக்குக் கூட்டத்துல சீடை டின் காலியானது உங்களாலதான்னு எல்லாருக்கும் தெரியும். கடைசில வந்தவனுக்கு ஒண்ணு கெடைக்கல.

பேரேடு 61, இரவு 10:54
டின்ன கொண்டுவந்ததே நாந்தான்யா. நீங்க மூணு கூட்டமா வெறுங்கைய வீசிக்கிட்டு வர்றீக.

தேவகோட்டை ரஸ்தா, இரவு 10:56
போன தடவ ஒரு கட்டு வாழப்பழம் யாரு கொண்டாந்தது?

ரெண்டாங்கட்டு, இரவு 10:58
கட்டு இல்ல தம்பி, சீப்பு. அதுலயும் நாலு கறுத்துப்போனது.

கண்டனூர்க் காக்கா, இரவு 11:19
இருங்க இருங்க. இப்பத்தான் மாடிக்குப் போய் என் அலமாரிய பாத்துட்டு வர்றேன். குண்டு புத்தகம் வாங்குறதுக்கு முன்னாடி தனித்தனியா மூணு வால்யூம் வச்சிருந்தேன். இப்ப மொதலும் மூணாவதும் இருக்கு, ரெண்டாவத காணோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆடி மாசம் ஒருத்தர் வண்டிய வாசல்ல நிறுத்திக்கிட்டு "தம்பி நடு வால்யூம் மட்டும் கடைல இல்லைங்கறான், ஒரு வாரத்துல தந்துர்றேன்"னு வாங்கிட்டுப் போனாரு. உள்பக்கம் என் கையெழுத்தும், கீழ ஒரு காப்பி டபரா வட்டமும் இருக்கும். பேரேடு அண்ணே, மூணுக்கும் தனித்தனியா பில் போட்டு வாங்குனேன்னீகளே, அந்த நடு பில்ல கொஞ்சம் போட்டோ எடுத்துப் போடுங்க பாப்போம்.

மின்நூல் மச்சான், இரவு 11:21
ஐயோ. கிண்டில்ல இந்தப் பிரச்சனையே வராது.

பேரேடு 61, இரவு 11:40
பில்லெல்லாம் யாரு வச்சிருக்கா. அட்டை யாருதுன்னா இங்க கேள்வி? படிச்சது யாருங்கறதுதான் கேள்வி. படிச்சது நான். ஒரு தடவ இல்ல, நடு வால்யூம மட்டும் ரெண்டு தடவ படிச்சேன், நியாயமாப் பாத்தா நாலுன்னு எழுதணும், நான் பெரிய மனசு பண்ணி மூணோட நிறுத்துனேன். அப்பறம் அந்த காப்பி வட்டம் நான் வாங்கும்போதே இருந்துச்சு.

கண்டனூர்க் காக்கா, இரவு 11:42
இல்லண்ணே, இல்ல. நான் காப்பியே குடிக்கிறது இல்ல.

விருத்தப்பித்தன், இரவு 11:44
அப்ப அண்ணனுக்கு அட்டை ரெண்டு. அவரு கணக்குப்படியே 61 இல்ல, 60.

பேரேடு 61, இரவு 11:45
61.

ரெண்டாங்கட்டு, இரவு 11:50
எப்பா, அடுத்த கூட்டத்துக்கு நான் வெள்ளைப்பணியாரம் கொண்டாரேன். எண்ணி வைக்க மாட்டேன், யாரும் சண்டைக்கு வராதீக.

தேவகோட்டை ரஸ்தா, இரவு 11:53
கூட வரமிளகாச் சட்னி உண்டா ஆச்சி?

கண்டனூர்க் காக்கா, இரவு 12:08
பேச்ச மாத்தாதீக. நாளைக்கு காலைல அஞ்சு மணிக்கு நேரா முகப்புக்கே வர்றேன், அண்ணன் நாப்பது பக்கம் படிச்சுட்டுத்தான் இருப்பாரு. நடு வால்யூம எடுத்து வைங்க.

பேரேடு 61, இரவு 12:10
நாளைக்கு நான் ஊர்ல இல்ல. அட்டை மூணு.