ஜார்ஜ் மைக்கன் உயரத்தால் மட்டுமே வென்றவரா?

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தாய்

வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தன் அணியிலேயே மிக உயரமானவள். அவளைப் பயிற்சியாளர் வளையத்தின் அடியில் நிறுத்தி, வலக்கையாலும் இடக்கையாலும் மாறி மாறிப் பந்தைப் பலகையில் பட்டு விழும்படி போட வைக்கிறார். இதற்கு ‘மைக்கன் டிரில்’ என்று பெயராம். அந்த மைக்கன் தொழில்முறைக் கூடைப்பந்தின் தொடக்க கால வீரர் என்று அறிந்தேன். குள்ளமானவர்கள் நடுவே நெடியவராக நின்றதால்தான் அவர் வென்றார் என்று உடன் ஆடும் பிள்ளைகள் சொல்ல, இவளும் அதை நம்பத் தொடங்கிவிட்டாள். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: நாகர்கோவில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

சகோதரி, 6 அடி 10 அங்குல உயரம் அவருக்கு உதவியது உண்மைதான். ஆனால் அவ்வளவு உயரமானவர்கள் கூடைப்பந்துக்கு ஆகமாட்டார்கள் என்பதே அன்றைய பொதுவான எண்ணம். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் 1942-இல் பொறுப்பேற்ற பயிற்சியாளர் ரே மேயர், தடித்த கண்ணாடி அணிந்து கால் தடுமாறிக்கொண்டிருந்த இந்த மாணவரைக் கயிறு தாண்டவும், குத்துச்சண்டை பழகவும், நடனம் கற்கவும் வைத்து, இரு கைகளாலும் ஹூக் ஷாட் (பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையால் தலைக்கு மேலாக வளைத்துப் போடும் எறிதல்) எறியும் வரை விடவில்லை. பின்னர் 1947-இல் சிகாகோ அமெரிக்கன் கியர்ஸ் அணியுடனும், 1948 முதல் 1954 வரை மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியுடனும், மூன்று வெவ்வேறு லீக்குகளில் மொத்தம் ஏழு பட்டங்களை வென்றார். உயரம் பிறப்பில் வந்தது. இடக்கை ஹூக் ஷாட் அப்படி வந்ததல்ல.

பதில் 2: தக்கலை

ஆசிரியர் ஐயா சொன்னதோடு விதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டிவிடக் கூடாது என்று கல்லூரி ஆட்டத்தில் விதி வந்ததற்கு மைக்கனும், அவரைப் போலவே நெடிய கல்லூரி வீரரான பாப் கர்லாண்டும் முக்கியக் காரணம். வளையத்தின் முன்னே தாக்கும் அணியினர் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதியின் அகலம், மைக்கனைத் தள்ளி நிறுத்துவதற்காகவே தொழில்முறை ஆட்டத்தில் 1951-இல் 6 அடியிலிருந்து 12 அடியாக்கப்பட்டது. ஓர் ஆட்டத்துக்கு அவருடைய சராசரி 28.4 புள்ளிகளிலிருந்து 23.8 ஆகக் குறைந்தது; ஆயினும் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் லேக்கர்ஸ்தான் பட்டம் வென்றது. உங்கள் மகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுவே என்பது என் கருத்து. அருகில் நிற்பது மட்டுமே அவருடைய பலமாக இருந்திருந்தால், அந்த 12 அடியோடு அவருடைய ஆட்டம் முடிந்திருக்கும்.

பதில் 3: குளச்சல்

எதிரணிகள் அவரை எவ்வளவு அஞ்சின என்பதற்கு 1950 நவம்பர் 22 ஆட்டம் சான்று. பந்து மைக்கனிடம் போகாதிருக்க, ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ் வீரர்கள் எறியாமல் தங்களிடமே வைத்துக்கொண்டு 19-18 என்று வென்றார்கள். லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை. இத்தகைய மந்தமான ஆட்டங்களால் சலிப்பு பெருகியதால்தான் பந்தைப் பெற்ற அணி 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-இல் வந்தது. எலும்பு முறிவுகள் பல கண்ட மைக்கன் அதே ஆண்டில் ஓய்வு பெற்றார். 1955-56 பருவத்தில் திரும்பி வந்து 37 ஆட்டங்களே ஆடினார். வேகம் கூடிய ஆட்டத்தில் அவருடைய உடல் ஈடுகொடுக்கவில்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதில் 4: நாகர்கோவில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

மகளுக்கு ஒன்று சொல்லுங்கள், சகோதரி. வளையத்திலிருந்து விழும் பந்தைப் பிடித்தவுடன் மார்புக்குக் கீழே இறக்காமல், தலைக்கு மேலேயே வைத்து அடுத்த கைக்கு மாற்றட்டும். இடக்கை எத்தனை முறை தவறினாலும் வலக்கைக்கு ஓட விடாதீர்கள்.