பிரைஸ்வில் கல்லறைக் கற்கள்: நிலத்தில் நடுவதா, கூரைக்கடியில் வைப்பதா?

வடக்குக்காற்று
கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் கிரே கவுண்டியில், பிரைஸ்வில் அருகே பழைய டர்ஹம் சாலையில் ஒரு சேமக்காலை இருக்கிறது. 1840களின் இறுதியில் அந்தச் சாலையோரம் 50 ஏக்கர் துண்டுகளில் கறுப்பினக் குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறின. அவர்களில் பலர் அமெரிக்க அடிமைத்தனத்திலிருந்து விடுதலை தேடி வந்தவர்கள். 1930களில் ஒரு விவசாயி அந்தக் கல்லறை நிலத்தை உழுது உருளைக்கிழங்கு போட்டார், கற்கள் அகற்றப்பட்டன. பிறகு சில கற்கள் மீட்கப்பட்டன. 1990இல் ஒன்டாரியோவின் அன்றைய துணைநிலை ஆளுநர் லிங்கன் அலெக்சாண்டர் முன்னிலையில் இடம் மறுபடி அர்ப்பணிக்கப்பட்டது. இப்போது அந்தக் கற்கள் கூரைக்கடியில் உள்ளன. அருங்காட்சியகப் பொருள் போல அடைத்து வைத்தால், உழுதவர் தொடங்கிய வேலையை நாமே முடித்துக்கொடுத்த மாதிரி ஆகாதா? கல் நிலத்தில்தான் நிற்க வேண்டும் என்பது என் கட்சி.

உளிச்சத்தம்
கட்சி கட்டுவதற்கு முன் கல் என்ன கல் என்று பாருங்கள். அந்தக் காலத்து மலிவான கல்லறைப் பலகை பெரும்பாலும் வெள்ளைப் பளிங்கு, தடிப்பு இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். மழையின் அமிலம் மேற்பரப்பைத் தின்று சீனி போல உதிரவைக்கும். எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான், அது முதலில் போகும். கிரே கவுண்டியில் ஒரே பனிக்காலத்தில் பலமுறை உறைந்து உருகும். மயிர்க்கோடாக இருக்கும் விரிசலில் தண்ணீர் புகுந்து உறைந்தால் அடுத்த வசந்தத்தில் இரண்டு துண்டு.

நட்டே ஆகவேண்டும் என்றால் ஒழுங்கான முறை உண்டு. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகவேண்டும். உடைந்து குட்டையான கல்லுக்கு அது கிடையாது, அடித்தளக் கல்லில் குழி வெட்டிச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்த வேண்டும். கீழே சரளையும் மணலும், தண்ணீர் வடிய. ஊர்க்குழுக்கள் செய்கிற தவறு சிமெண்ட். சிமெண்ட் பளிங்கைவிட இறுக்கம், ஈரத்தை விடாது, கல் தரைமட்டத்தில் முறிகிறது. துண்டுகளை இணைக்க இரும்புக் கம்பி வைத்தால் துருப்பிடித்து உப்பி உள்ளிருந்தே பிளக்கும். துருப்பிடிக்காத எஃகு மட்டும். கழுவ ப்ளீச் போட்டால் உப்பு உள்ளே தங்கிப் பின்னால் படிகமாகி மேற்தோலை உரிக்கும். தண்ணீரும் மென்மையான நைலான் தூரிகையும் போதும். புல் வெட்டுகிறவரின் நைலான் கயிறு செய்யும் சேதத்தைப் பற்றி நான் தொடங்கினால் இந்த இழை முடியாது.

வடக்குக்காற்று
சரி, அசல் கல் உள்ளே இருக்கட்டும். கிரானைட்டில் நகல் வெட்டி நடலாமே? நிலத்தடி ரேடார் வைத்துக் குழிகளைக் கண்டுபிடித்து, அந்தந்த இடத்தில்.

உளிச்சத்தம்
எந்த நகல் எந்தக் குழிக்கு? ரேடார் பெயர் சொல்லாது. மண் கலைந்த இடத்தைத்தான் காட்டும். கிறிஸ்தவப் புதைகுழிகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக இருப்பதால் கருவியை வடக்கு தெற்காக, அரை மீட்டர் இடைவெளியில் இழுக்க வேண்டும். குழந்தைகளின் குழி குட்டையானது, கால் மீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் தப்பிவிடும். 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா உலர்ந்த மணலில் இரண்டு மீட்டர் அளவுக்குப் பார்க்கும், ஈரக் களியில் சிக்னல் செத்துவிடும். அங்கே பனிப்பாறைகள் கொட்டிவிட்டுப் போன கல் கலந்த மண். ஒவ்வொரு பாறாங்கல்லும் திரையில் ஒரு வளைவு. அனுபவம் இல்லாதவர் பார்த்தால் வயல் முழுக்கக் கல்லறை!

நல்ல செய்தியும் உண்டு. கலப்பை இறங்கியது 20, 25 சென்டிமீட்டர். குழிகள் அதற்கு வெகு கீழே. உழவு அடையாளத்தை அழித்தது, ஆட்களை அல்ல. உறுதியாகப் பார்க்கத் தோண்டும் இயந்திரத்தில் பல் இல்லாத வாளி மாட்டி மேல்மண்ணை மெல்லச் சீவ வேண்டும், குழிகள் வேறு நிறச் செவ்வகங்களாகத் தெரியும். அதற்கு உரிமம் பெற்ற தொல்லியலாளர் வேண்டும். சந்ததியினரின் சம்மதம் இல்லாமல் தொடவே கூடாது.

காணிப்புத்தகம்
இருவரும் கல்லைச் சுற்றியே நிற்கிறீர்கள். கல்லறை உழப்பட்டதன் காரணம் கலப்பை இல்லை. அதைக் காக்க அந்தச் சாலையில் கறுப்பினக் காணிக்காரர் மிஞ்சவில்லை.

தெற்கு ஒன்டாரியோவில் பக்ஸ்டனைப் பாருங்கள். 1849இல் வில்லியம் கிங் பாதிரியார் தொடங்கிய எல்கின் குடியேற்றம், 9,000 ஏக்கர். ஆளுக்கு 50 ஏக்கர், ஏக்கர் 2.50 டாலர், மொத்தம் 125, பத்து ஆண்டுத் தவணை. பத்து ஆண்டுகளுக்கு வெள்ளையருக்கு விற்கக் கூடாது. வீடு 24க்கு 18 அடிக்குக் குறையக் கூடாது, சாலையிலிருந்து 33 அடி தள்ளி, முன்னால் வேலியும் தோட்டமும். கெடுபிடிதான், ஆனால் கையில் காணி உறுதிப் பத்திரம் இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் பலர் அமெரிக்கா திரும்பியும் ஊர் அழியவில்லை. 1924 முதல் தொழிலாளர் தின வார இறுதியில் சந்ததியினர் அங்கே கூடுகிறார்கள். கூரையா வெயிலா என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை.

கிரே கவுண்டிக்குச் செலவிடும் பணத்தை நிலப் பதிவேட்டில் போடுங்கள் என்கிறேன். யாருடைய துண்டு எப்போது கைமாறியது என்ற வரைபடத்தைச் சாலையோரத்தில் நிறுத்தினால், கல்லைவிட அது அதிகம் பேசும்.

வடக்குக்காற்று
பதிவேடு எழுதத் தெரிந்தவன் பக்கம் பேசும், அண்ணை. வெலிங்டன், வாட்டர்லூ பக்கத்தில் அரசு இன்னும் அளக்காதிருந்த குயின்ஸ் புஷ் காட்டுப் பகுதியில் 1,500க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் காட்டைத் திருத்தி வயலாக்கினார்கள். 1840களில் அரசு அளவைக்காரர்களை அனுப்பி விலை கேட்டது. கட்ட முடியாமல் திருத்திய நிலத்தை விட்டுப் போனவர்கள் பலர். உங்கள் பதிவேட்டின் முதல் வரி அரசிடமிருந்து முதல் காணி உறுதி பெற்றவர் பெயர். அதற்கு முன் மரம் வெட்டியவர் எங்கே இருக்கிறார்?

காணிப்புத்தகம்
பதிவேட்டில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காகிதம் அதோடு முடிவதில்லை. முதலில் டவுன்ஷிப் (ஊர்ப் பிரிவு), கன்செஷன் (அதனுள் காணி வரிசை), லாட் (காணித் துண்டு) எண்ணைப் பிடியுங்கள். ஒன்டாரியோ நிலப் பதிவுகளுக்கான ஆன்லேண்ட் இணையதளத்தில் அந்த லாட்டின் சுருக்கப் பதிவைத் திறந்து உறுதி கொடுத்த ஆண்டைக் குறியுங்கள். அதற்கு முந்தைய மனுக்களும் கைமாற்றங்களும் அரச நிலக் கோப்புகளில், ஒன்டாரியோ ஆவணக் காப்பகத்தில். பின்பு 1851, 1861 மக்கள்தொகைக் கணக்கு. கறுப்பினத்தவரைக் குறிக்கத் தனிப் பத்தி உண்டு. வேளாண் படிவத்தில் லாட் எண்ணும் திருத்திய ஏக்கரும் இருக்கும்.

சறுக்கும் இடங்கள்: கணக்கெடுத்தவர் அந்தப் பத்தியை வெறுமையாக விட்டிருப்பார். பெயர் ஒவ்வொரு தடவையும் வேறு எழுத்துக்கூட்டலில் வரும். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்கும் சட்டம் 1850இல் அமெரிக்காவில் கடுமையானபின் பிறந்த இடத்தை மாற்றிச் சொல்லக் காரணமும் இருந்தது. 1851 தாள்கள் பல டவுன்ஷிப்களுக்குத் தொலைந்துபோயின. அதனால் ஒரே ஆவணத்தை வைத்து யாரையும் சேர்க்கவும் நீக்கவும் கூடாது, இரண்டாவது பொருந்த வேண்டும்.

வடக்குக்காற்று
அந்த வரைபடத்தில் கனடா புகலிடம் கொடுத்த பெருமையை எழுதி முடித்துவிடாதீர்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஜோசையா ஹென்சன் பாதிரியார் வாழ்ந்த டிரெஸ்டனிலேயே 1949இல் உணவகப் பாகுபாட்டைத் தடுக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்து 517க்கு 108 என்று வேண்டாம் என்றார்கள். கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைத்த மாகாணத்தின் கடைசித் தனிப் பள்ளி மூடியது 1965இல். அதுவும் பலகையில் வரட்டும்.

உளிச்சத்தம்
பலகையில் வரட்டும், எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் பிரைஸ்வில்லைப் போல உழப்பட்டு, இன்னும் தனியார் வயலுக்குள்ளேயே இருக்கும் மற்ற இடங்களுக்கு வேலையின் வரிசை மாறக் கூடாது. முதலில் எல்லையை அளந்து வேலி, அதுவும் சந்தேகத்துக்குச் சில மீட்டர் தள்ளி, ஏனென்றால் குழிகள் பழைய வேலிக்கு வெளியேயும் இருக்கும். கைவிடப்பட்ட கல்லறை என்று நீதிமன்றம் அறிவித்தால் உரிமையும் பராமரிப்பும் உள்ளூராட்சிக்குப் போகும். அந்த விண்ணப்பத்துக்குத்தான் காணிப்புத்தகம் சொல்லும் ஆவணங்கள் முதலில் உதவும். அகற்றப்பட்ட கற்களை வயலோரக் கற்குவியல்களிலும் பழைய பண்ணைக் கட்டடங்களின் தரைகளிலும் அதற்குப் பின் தேடுங்கள். எழுத்துள்ள பக்கம் கீழே கவிழ்ந்திருக்கும். நெம்புகோல் போட்டுப் புரட்டினால் அங்கேயே முறியும். பக்கத்து மண்ணைத் தோண்டி, பட்டை கொடுத்து, இருவர் சமமாகத் தூக்க வேண்டும். நடுவதா கூரையா என்பதை அதன்பிறகு பேசுவோம். அப்போதும் நான் கூரை என்றுதான் சொல்வேன்.