ஸ்லீப்பர் கட்டை வைத்த பாத்தி: எவ்வளவு மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டும்?

மூன்று வருடங்களுக்கு முன் பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி போட்டேன். மரம் அரிக்காமலிருக்க அதில் கிரியோசோட் என்ற தார் எண்ணெயை ஏற்றியிருப்பார்கள் என்பது அப்போது தெரியாது. வெயில் ஏறினால் கறுப்பாகத் தார் போலக் கசிகிறது, வாடை தாங்கவில்லை. போன மாதம் கை பட்ட இடமெல்லாம் வெயிலில் சிவந்து எரிந்தது.

கிரியோசோட்டில் பெரும்பகுதி பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற கார்பன்-ஹைட்ரஜன் சேர்மங்கள்தான். அதில் வரும் பென்சோ(ஏ)பைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உறுதியானது. தண்ணீரில் எளிதில் கரையாது. மண்ணில் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். நான் போட்டதோ கேரட்டும் முள்ளங்கியும், மண்ணிலேயே புதைந்து வளர்பவை. நான்கு வயது மகள் விளையாடுவதும் அங்கேதான். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

உள்பக்கம் பிளாஸ்டிக் விரித்தேன், கசிவு நிற்கவில்லை. கட்டைக்குப் பெயின்ட் அடித்தேன், அது உரிந்துவிட்டது. அரை அடி மேல்மண்ணை மாற்றியும் வாடை திரும்பிவிட்டது. எரித்தால் புகை இன்னும் ஆபத்து, அதனால் கட்டைகளை அப்புறப்படுத்தப் போகிறேன்.

அப்புறம் அங்கே மறுபடி காய்கறி போட, கட்டை இருந்த இடத்தைச் சுற்றி எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் மண்ணை எடுக்க வேண்டும்?