விலைக்கழிவில் வாங்கிய சன்னங்கள்: குறை தோற்றத்தில் மட்டும்தானா?

கேள்வி: சுன்னாகம் பட்டறை

வணக்கம். நான் சுன்னாகத்தில் கடைசல் வேலை செய்பவன். துவக்குகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் வசிக்கும் என் மைத்துனர் உரிமம் பெற்று, அங்குள்ள சுடுதிடல் ஒன்றில் றைபிளால் இலக்குச் சூடு பழகி வருகிறார். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதுகளுக்குப் புதிய பிறைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, சன்னம் (குழலிலிருந்து பறந்துசெல்லும் உலோகக் குண்டு) ஆகியவற்றை இட்டுத் தாமே மீண்டும் ரவையாக்குவது அந்நாட்டில் பலர் செய்கிற பொழுதுபோக்கு. அண்மையில், தோற்றக் குறையுள்ளவை என்று உற்பத்தியாளர் ஒதுக்கிவிட்ட, 168 கிறெயின் (ஒரு நிறை அளவு) நிறையுள்ள சன்னங்களில் 500 ஐ ஏறக்குறைய அரை விலைக்கு வாங்கியிருக்கிறார். அவற்றின் விட்டம் 0.308 அங்குலம். படங்களை அனுப்பினார்: சிலவற்றில் நீர்க்கறை, சிலவற்றில் மெல்லிய கீறல், சிலவற்றின் நுனி சற்று நசுங்கியிருக்கிறது, இரண்டொன்றின் அடிவிளிம்பு ஒரு பக்கம் மழுங்கியது போலத் தெரிகிறது.

“மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கைப் பார்க்கிறவர் நீங்கள்தானே, எதை அளக்க வேண்டும் என்று சொல்லுங்கள்” என்று என்னைக் கேட்கிறார். அளக்கும் முறை எனக்குத் தெரியும். எந்த அளவு முக்கியமானது என்பதுதான் தெரியவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பத்துச் சன்னங்களைக் கையோடு கொண்டுவந்தால் என் பட்டறையிலேயே அளந்து பார்க்கலாம் என்றும் பேசிக்கொண்டோம். விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றி.

பதில் 1: கொக்குவில் வாசகர்

கடைசி யோசனையை முதலில் கைவிடுங்கள். மருந்தில்லாத வெறும் ஈயமும் செம்பும்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் பயணப் பையில் பத்துச் சன்னங்கள் ஏன் இருக்கின்றன என்று கட்டுநாயக்கவிலோ பலாலியிலோ நின்று விளக்குகிற நிலை எவருக்கும் வர வேண்டாம். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் நடைமுறையில் உள்ளன. அங்கே பொழுதுபோக்காக இருப்பது இங்கே வழக்காகிவிடும். அளவுகோல்களை அவரிடம் வாங்கச் சொல்லுங்கள். சன்னங்கள் அல்பேர்ட்டாவிலேயே இருக்கட்டும்.

பதில் 2: எட்மன்ரன்வாசி

மேலே சொன்னவரோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் இங்கே பல ஆண்டுகளாக ரவை நிரப்புகிறவன்; இத்தகைய ஒதுக்கல் சன்னங்களை வாங்கி நன்மையும் கண்டிருக்கிறேன், ஏமாந்தும் இருக்கிறேன். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது, “தோற்றக் குறை” என்று பொதியில் எழுதியிருப்பது விற்பவருடைய சொல் என்பதை. கறை பட்டதும் அந்தப் பொதிக்குள் வரும், கோதின் வாய் இறுக்கிப் பிடிப்பதற்காகச் சன்னத்தைச் சுற்றி இடும் வளையப் பள்ளம் இடம் மாறி விழுந்ததும் வரும், வெவ்வேறு நாட்களில் செய்த இரண்டு தொகுதிகளின் மிச்சங்களும் ஒன்றாகக் கலந்து வரும். கறையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சன்னத்தின் மேலுறை பெரும்பாலும் 95 வீதம் செம்பும் 5 வீதம் நாகமும் கலந்த உலோகம். செம்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்குகிற வீட்டில் வளர்ந்த நமக்கு, கறுத்த செம்பு கெட்ட செம்பு அல்ல என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதற்குப் புளியும் தேவையில்லை, உலர்ந்த துணி போதும்.

நசுங்கிய நுனி கண்ணுக்கு உறுத்தும், ஆனால் 100 மீற்றரில் அதன் விளைவு சிறிது. அடிப்பக்கம் அப்படியல்ல. சன்னம் குழலின் வாயைவிட்டு வெளியேறும் கணத்தில், பின்னாலிருந்து தள்ளிய வாயு அதன் அடிவிளிம்பைச் சுற்றிப் பீறிடுகிறது. விளிம்பு ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் வாயு அந்தப் பக்கமாக முந்தி வெளியேறிச் சன்னத்தைச் சரித்துவிடும். அமெரிக்க மருத்துவரான பிராங்க்ளின் மான் என்பவர் வேண்டுமென்றே நுனியையும் அடியையும் சிதைத்துச் சுட்டுப் பார்த்து, 1909 இல் தம் ஆய்வுகளை வெளியிட்டார்; அடியில் உள்ள குறையே குறியைக் கெடுக்கிறது என்று அவர் கண்டதை இன்றும் யாரும் மறுக்கவில்லை. ஆகவே அடிவிளிம்பு மழுங்கிய அந்த இரண்டொன்றை அவர் தயங்காமல் ஒதுக்கட்டும். உறையில் மடிப்போ வெடிப்போ தெரிகிறவற்றைப் பழகுவதற்குக்கூடப் பயன்படுத்தக் கூடாது.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். குழலின் உட்சுவரில் வெட்டியுள்ள சுருள் வரிகள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் இருந்து, சன்னம் வினாடிக்கு 2600 அடி வேகத்தில் வெளியேறுமானால், அது வினாடிக்கு 2600 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 156,000 சுற்றுச் சுழல்கிறது. கடைசல் பொறியின் சக்கில் மையம் தப்பிப் பிடித்த தண்டை இந்த வேகத்தில் சுழற்றுவதை நினைத்துப் பாருங்கள். சன்னத்தின் புவியீர்ப்பு மையம் சுழலச்சிலிருந்து 0.01 மில்லிமீற்றர் மட்டுமே விலகியிருந்தாலும், குழலைவிட்டு விடுபடும்போது அது வினாடிக்கு ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர் என்ற பக்கவாட்டு வேகத்தைப் பெறும். 100 மீற்றரைக் கடக்க வினாடியில் எட்டிலொரு பங்குக்குச் சற்று மேல் ஆகும் என்பதால், இலக்கில் 2 சென்ரிமீற்றர் தள்ளிப் படும். எந்தத் திசையில் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் நூறிலொரு பங்கு இங்கே அவ்வளவு பெரியது. வருத்தம் என்னவென்றால், உறையின் தடிப்பு ஒரு பக்கம் கூடியிருப்பதால் வரும் இந்தக் குறையை வெளியிலிருந்து எந்தக் கருவியாலும் எளிதில் பிடிக்க முடியாது. பளபளவென்றிருக்கும் சன்னத்திலும் அது ஒளிந்திருக்கலாம்.

பிடிக்கக் கூடியவை மூன்று. திருகுக் கணிச்சியால் விட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: 7.82 மில்லிமீற்றர் வர வேண்டும், அதற்கு மேற்பட்டால் குழலுக்குள் அழுத்தம் ஏறும். அடுத்து நிறை. 168 கிறெயின் என்பது 10.89 கிராம், பொன் நிறுக்கும் சிறிய இலத்திரனியல் தராசு 0.01 கிராம்வரை காட்டினால், அது ஒரு கிறெயினில் ஆறிலொரு பங்குக்கு அருகில் வருகிறது, இந்த வேலைக்குப் போதும். (கிறெயின் என்ற சொல்லுக்கே தானியமணி என்றுதான் பொருள், நம் தட்டார் மஞ்சாடியும் குன்றிமணியும் வைத்து நிறுத்தது போல அவர்கள் தானியத்தை வைத்திருக்கிறார்கள்.) மூன்றாவது, அடியிலிருந்து தோள் வளைவு (சன்னம் நுனியை நோக்கிக் குறுகும் பகுதி) தொடங்கும் இடம்வரையுள்ள நீளம். நுனிவரை அளந்தால் பயனில்லை, ஏனெனில் நசுங்கியது நுனிதான். தோள் இடம் மாறினால், ஒரே ஆழத்தில் பொருத்திய இரு சன்னங்களில் ஒன்று சுருள் வரிகளைத் தொட்டுக்கொண்டும் மற்றது விலகியும் நிற்கும்.

மிக முக்கியமான ஒன்றை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். முன்பு நல்ல சன்னத்துக்கு அவர் கண்டுபிடித்து வைத்திருக்கும் மருந்து அளவை இதற்கு அப்படியே இடக் கூடாது. உற்பத்தியாளர் இதே சன்னத்துக்கு வெளியிட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாகத்தான் ஏற வேண்டும். நிறை ஒன்றாக இருந்தாலும், ஈய உள்ளீடு கொண்டதற்குரிய அளவை முழுச் செம்பாலானதற்கு இடவே கூடாது; செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்தின் அடர்த்தி 11.34 என்பதால் செம்புச் சன்னம் நீண்டு, கோதுக்குள் மருந்தின் இடத்தைப் பிடித்துவிடும்.

மேசையில் மணல்மூட்டை வைத்துக் குறியின் நேர்த்தியைச் சோதிக்க நான் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. ஒரு சூடு விலகிப் பட்டால் பிழை என்னுடையதா சன்னத்தினுடையதா என்று தெரியாது; அந்த ஐயத்தோடு பழகுவதைவிடக் குறைவாகப் பழகுவது மேல்.

பதில் 3: மெல்பேர்ண் மருமகன்

எட்மன்ரன் அண்ணரின் கணக்கு சரி, முடிவில்தான் எனக்கு வேறு கருத்து உண்டு. நான் நின்றபடி, எதிலும் சாயாமல் சுடுகிறவன். 100 மீற்றரில் என் சூடுகள் ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் அளவுக்குப் பரவுகின்றன. அதற்குள் சன்னத்தின் 2 சென்ரிமீற்றர் எங்கே தெரியப்போகிறது? நின்று சுடும் பழக்கத்துக்கு எண்ணிக்கைதான் வேண்டும், அதற்கு இந்த விலைக்கழிவு உதவுகிறது. ஆனால் அரை விலை என்பது சன்னத்துக்கு மட்டுமே: பிறைமரும் மருந்தும் முழு விலைதான், குழலும் அதே அளவு தேயத்தான் செய்யும். ரவை ஒன்றுக்கு உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தபின் அடுத்த 500 ஐ வாங்கச் சொல்லுங்கள்.

சுன்னாகம் பட்டறை

அனைவருக்கும் நன்றி. திருவிழாவுக்கு மைத்துனர் வெறுங்கையோடுதான் வருவார், அதை இன்று காலையே சொல்லிவிட்டேன். தராசு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. நேற்றிரவு முதல் ஐம்பதை நிறுத்து எழுதி அனுப்பினார். எண்களை வரைபுத்தாளில் குறித்தபோது ஒரே மேடாக வராமல், நடுவில் இடைவெளி விட்டு இரண்டு மேடாக வந்தது. எட்மன்ரன் ஐயா சொன்ன இரு தொகுதிக் கலப்பு இதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டையும் வேறு வேறு பெட்டிகளில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொடக்க அளவிலிருந்து தனியாகத் தொடங்குமாறு சொல்லியிருக்கிறேன். நின்று சுடுவாரா மேசையில் சுடுவாரா என்பதை மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை.